புதுப்பிப்பு: கொலுவில் நின்ற டைனோசர் என்ன ஆச்சு?

டிசம்பர் கடைசியில் எங்கள் வீட்டு 2025 கதைகளை எழுதியபோது, சின்னவன் கொலுவில் தசாவதார செட்டுக்குப் பக்கத்தில் டைனோசரை நிறுத்தி, "இது பதினொண்ணாவது" என்றதோடு விட்டிருந்தேன். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்காக இது.

விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைப்பது வழக்கம் இல்லையா? "டைனோசர்தான் படுக்கணும், அதுக்குத்தான் தூக்கம் வருது" என்று ஒரே அடம். பாட்டி மரப்பாச்சியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முழித்தார். கடைசியில் ரெண்டும் ஒரே துண்டுக்குள் படுத்தன. பிறகு பேப்பரில் சுற்றிப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றியாச்சு. போகிக்குப் பரண் ஒழித்தபோதுதான் டைனோசர் வெளியே வந்தது. ஓடி வந்து கட்டிக்கொள்வான் என்று பார்த்தால், மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவ்ளோ நாள் தூங்கியும் வளரவே இல்லையே" என்கிறான்!

பெரியவளின் பாம்பன் கதை அந்த டிசம்பர் பதிவில் விட்டுப்போனது. 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தைப் பார்க்கக் கோடை லீவில் போயிருந்தோம். கப்பல் வந்தால் நடுவில் இருக்கும் 72.5 மீட்டர் துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே போகும் என்று அவள் அப்பா விளக்கினார். (பழைய பாலம் ரெண்டாகப் பிளந்து திறந்துகொண்டிருந்தது என்பதும் கூடவே வந்தது, யாரும் கேட்காமலே.) "லிஃப்ட்டா? அப்ப பட்டனைக் கப்பலே அமுக்குமாப்பா?"

இப்போது எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்ட் வர லேட்டானால், "நடுவுல கப்பல் போகுதும்மா, இரு" என்கிறாள்.