பள்ளிக்கூடக் காசை வெட்டியபோது சபையில் எழும்பி நின்றவரை நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

மஸ்கெலியா பக்கம், மூன்று பிள்ளைகளின் அம்மா:

வணக்கம். போன கிழமை இங்கே ஒரு தம்பி, மலையகத்திலிருந்து சபைக்குப் போனவர்களில் யாராவது பாடசாலைக்காக வாய் திறந்ததை நேரில் கண்டவர் உண்டா என்று கேட்டிருந்தார். நான் கண்டிருக்கிறேன். அவர் மத்திய மாகாண சபையில் உறுப்பினராக இருந்தவர். பெயரும் கட்சியும் வேண்டாம், போட்டால் பேச்சு முழுக்க அந்தப் பக்கம் போய்விடும்.

2014ஆம் வருடம். எங்கள் பாடசாலை தோட்டத்தின் மேல்பிரிவில் இருக்கிறது. ஒரே நீள மண்டபம், 1980களின் கடைசியில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஸ்வீடன் நாட்டு உதவி வந்த காலத்தில் எழும்பியது. இடைச்சுவர் கிடையாது. மூன்றாம் ஆண்டு டீச்சர் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் ஐந்தாம் ஆண்டும் சேர்ந்து சொல்லும். அதனால் மாகாண சபைக் காசில் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று தருவதாகச் சொல்லி 2012ல் வேலையும் ஆரம்பித்தார்கள். அத்திவாரம் போட்டு எட்டுத் தூண் எழும்பியதோடு சரி. கொங்கிரீட் கலக்கிற மெஷினை லொறியில் ஏற்றிக்கொண்டு போன கொந்தராத்துக்காரர் திரும்ப வரவில்லை. தூண் தலையில் கம்பிகள் நீட்டிக்கொண்டே நின்றன. இரண்டு மழைக்காலம் போனபிறகு கம்பியிலிருந்து துரு வழிந்து ஒவ்வொரு தூணிலும் சிவப்புக் கோடாக இறங்கியிருந்தது. பிள்ளைகள் அந்தத் தூண்களுக்கு நடுவில்தான் ஓடிப்பிடித்து விளையாடினார்கள்.

நான் அப்போது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தேன். வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டால் மாகாணத்தில் கேளுங்கள் என்பார்கள், மாகாணத்தில் கேட்டால் "ஒதுக்கீடு இருக்கு, காசு விடுவிக்கல" என்பார்கள். அந்த ஒரு வசனம் எனக்குப் புரிய ஒரு வருடம் பிடித்தது. வெட்டிவிட்டோம் என்று ஒருவரும் சொல்லவில்லை, புத்தகத்தில் எங்கள் பாடசாலையின் பெயருக்கு நேரே தொகை அப்படியே இருந்தது, ஆனால் ஒரு மூட்டை சீமெந்து கூட வரவில்லை. கொழுந்து எடுத்துவிட்டு வந்து, அரை நாள் பேரை, அதாவது அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பஸ்ஸேறிப் போய்க் கேட்கிற எங்களுக்கு இதை யார் விளக்கிச் சொல்வார்கள்?

அந்த உறுப்பினர் பாடசாலைக்கு வந்த அன்று காலையிலிருந்தே மழை. வாகனம் பிள்ளைக்காம்பராவுக்கு, அதாவது சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற இடத்துக்குக் கீழே உள்ள வளைவில் ஏறவில்லை, அதனால் நடந்தே வந்தார். மாலை வாங்கி வைத்திருந்தோம். அதிபர் போடப் போனபோது, "பிறகு போடுங்க சேர், முதல்ல மலசலகூடத்தைக் காட்டுங்க" என்றார். போய் ஒவ்வொரு கதவையும் திறந்து பார்த்தார். நாலு குழாயையும் திருகிப் பார்த்தார், ஒன்றில்தான் தண்ணீர் வந்தது. சட்டைக்குள்ளிருந்து ஒரு 80 பக்கக் கொப்பியை எடுத்தார், நம் பிள்ளைகள் வைத்திருக்கிற அதே கொப்பிதான், அதில் எழுதிக்கொண்டார்.

அப்புறம் வகுப்புக்குள் வந்து நாலாம் ஆண்டு வாங்கில் உட்காரப் போனார். அங்கே இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "சேர் உக்காராதீங்க, விழுந்துருவீங்க, கல்லு வைக்கணும்" என்று சொல்லிவிட்டு, தன் புத்தகப் பையைத் திறந்து ஒரு அரைச் செங்கல்லை எடுத்துக் கால் இல்லாத மூலைக்கு முட்டுக் கொடுத்தது. செங்கல்லை ஏன் பையில் வைத்திருக்கிறாய் என்று கேட்டார். "இங்க வச்சிட்டுப் போனா அஞ்சாம் ஆண்டு எடுத்துருவாங்க." அந்தப் பிள்ளை அதைச் சாதாரணமாகத்தான் சொன்னது, தினமும் அரைச் செங்கல்லைச் சுமந்துகொண்டு மலை ஏறி இறங்குவது அதற்கு ஒரு விசயமாகவே இல்லை. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்தக் கல்லைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த டிசம்பரில் வரவுசெலவுத்திட்ட விவாதத்துக்கு எங்கள் ஆறு பேரை, மாகாண சபை கூடுகிற பல்லேகலைக்கு வரச் சொன்னார். விடிய நாலரைக்குக் கிளம்பி, ஹட்டன், கினிகத்தேனை, கம்பளை எல்லாம் தாண்டி, கண்டியில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் போனோம். பொதுமக்கள் இருக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தோம். கல்வி அமைச்சின் செலவு வந்தபோது எழும்பினார். ஆளும் பக்கத்தில் இருந்தவர் அவர், பேசாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். போன வருடம் ஒதுக்கிய காசில் எவ்வளவு கைக்கு வந்தது, பாடசாலை பாடசாலையாக எழுத்தில் தாருங்கள், அது வரும்வரை புதுத் தொகைக்கு நான் கை உயர்த்த மாட்டேன் என்றார். முதலில் தமிழில் சொன்னார், பிறகு எதிரே இருக்கிறவர்களுக்கும் புரியட்டும் என்று அதையே சிங்களத்தில் சொன்னார். செங்கல்லைப் பற்றியும் சொன்னார். பிள்ளையின் பெயரைச் சொல்லவில்லை, தோட்டத்தின் பெயரையும் சொல்லவில்லை, அதற்காக அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை. சபை கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வாக்கெடுப்பில் திட்டம் நிறைவேறிவிட்டது, அவர் கை உயர்த்தவில்லை. ஆனால் எழுத்து மூலப் பதில் வந்தது. நாலு மாதம் கழித்து கொந்தராத்துக்காரரும் வந்தார். 2016ல் மேல்மாடிக்குக் கூரை போட்டார்கள்.

உங்கள் ஊரில் இப்படி யாரையாவது பார்த்திருந்தால் எழுதுங்கள். நல்லதோ கெட்டதோ, பார்த்ததை எழுதுங்கள்.

லுணுகலை, ஓய்வுபெற்ற அதிபர்:

தங்கச்சி, "ஒதுக்கீடு இருக்கு, காசு விடுவிக்கல" என்ற அந்த வசனத்தை நான் பத்தொன்பது வருடம் கேட்டேன். மாகாண சபைகளுக்குச் சொந்த வருமானம் குறைவு, பெரும்பகுதி திறைசேரியிலிருந்துதான் வர வேண்டும், நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்யும். வருகிற காசில் முதலில் சம்பளம். சம்பளத்தைத் தொட முடியாது. ஆக நெருக்கடி வரும்போதெல்லாம் அடிபடுவது கட்டடம், தளபாடம், தர உள்ளீட்டுப் பணம், அதாவது வெண்கட்டியும் பிரிஸ்டல் போர்டும் போட்டோகொப்பித் தாளும் வாங்குகிற பணம். நகரத்துப் பெரிய பாடசாலையில் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது, தாங்கிக்கொள்வார்கள். நம் பிள்ளைகளின் பெற்றோர் எதைக் கொண்டு தாங்குவார்கள்? எல்லாருக்கும் ஒரே அளவில் வெட்டினாலும் அது நம் பக்கம்தான் ஆழமாக இறங்குகிறது, இதை நான் கூட்டம் கூட்டமாகச் சொல்லியிருக்கிறேன்.

பழைய கதை ஒன்றும் சொல்ல வேண்டும். கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா, சுதந்திரத்துக்கு முந்திய அரசாங்க சபையில் போராடிக் கொண்டுவந்த இலவசக் கல்வி 1945 ஒக்டோபர் 1ல் நடைமுறைக்கு வந்தது. 1947 தேர்தலில் அந்த மனிதர் தோற்றே போனார். ஆனால் அந்த இலவசக் கல்வி தோட்ட வாசலுக்கு வெளியேதான் நின்றது. நம் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன, ஒரு வாத்தியார், ஒரு அறை, அஞ்சாம் வகுப்போடு முடிவு. 1970களில்தான் அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியது. 1953ல் அரிசி விலையை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றி, பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தினார்கள். பாராளுமன்றத்தில் என்.எம். பெரேரா போன்ற இடதுசாரிகள் எதிர்த்து நின்றார்கள், ஆகஸ்ட் 12ல் நாடே ஹர்த்தாலில் இறங்கியது. அந்தச் சபையில் நமக்காகப் பேச நம் ஆள் ஒருவரும் இல்லை. 1947ல் தெரிவாகிப் போன, தோட்டத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸின் 7 பேர் இருந்த இடம், நம் மக்களின் குடியுரிமையும் வாக்கும் பறிபோனபின் காலி. அதனால்தான் ஒரு உறுப்பினர் நம் பாடசாலைக் கணக்கைக் கேட்டு எழும்பினார் என்றால் எனக்கு அது சின்ன விசயமாகத் தெரியவில்லை.

நான் கண்டது ஊவா மாகாண சபை உறுப்பினர் ஒருவரை. பேச்சாளர் இல்லை, சபையில் எழும்பினால் தாளைப் பார்த்துத்தான் வாசிப்பார். ஆனால் சின்னப் பாடசாலைகளைப் பக்கத்துப் பாடசாலையோடு சேர்த்துவிட்டால் செலவு மிச்சம் என்ற பேச்சு வந்த சமயம், அவர் என்னிடம் வந்து, "சேர், பக்கத்துப் பாடசாலைக்கு ஒரு தடவை நடந்து பார்ப்போம்" என்றார். மூன்று மைல் நடந்தோம். நடுவில் ஒரு ஆறு, பாலம் என்று சொல்வது இரண்டு மரத்தடி. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொண்டார். பெரியவர்கள் எங்களுக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. கூட்டத்தில் அவர் சொன்னது அந்த நேரத்தையும் அந்த ஆற்றையும் மட்டும்தான். பாடசாலை இன்னும் இருக்கிறது.

அக்கரப்பத்தனை:

எங்கள் பக்கம் வந்தவர் அடிக்கல் நட்டார், படம் எடுத்தார், போனார். கல் மட்டும் இருக்கிறது, அதில் புல் முளைத்துவிட்டது. கெட்டதையும் எழுதச் சொன்னீர்கள், அதனால் எழுதுகிறேன். ஆனால் அக்கா எழுதியதைப் படித்தபிறகு ஒன்று தோன்றியது. நாங்கள் ஒருவர் கூட அந்த ஒதுக்கீட்டுக்கு என்ன ஆனது என்று எழுத்தில் கேட்கவில்லை. நாளைக்கே அதிபரிடம் பேசப் போகிறேன்.

கொட்டகலை, ஆசிரியை:

நான் 2015ல் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களாக எடுக்கப்பட்டவர்களில் ஒருத்தி. மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு. வீட்டில் எல்லாரும், அரசாங்க வேலை, பொறு, பொறு என்றார்கள். பொறுத்தேன். காலையில் பஸ், பிறகு கொழுந்து ஏற்றப் போகிற லொறி கிடைத்தால் அதில், இல்லாவிட்டால் நடை. வகுப்பில் மற்ற டீச்சர்மார் செய்கிற அதே வேலையை நாங்களும் செய்தோம். நல்ல சேலை இரண்டுதான் இருந்தது, மழை பெய்தால் ஒன்று காயாது, அடுத்த நாள் ஈரத்தோடு கட்டிக்கொண்டு போவேன். அன்றைக்குக் கொழுந்து எடுக்கிற என் அம்மாவின் மாதச் சம்பளம் என்னுடையதைவிடக் கூட.

ஹட்டனில் நாங்கள் பதாகை பிடித்து நின்ற நாளில் ஒரு மாகாண சபை உறுப்பினர் வந்தார். ஒலிபெருக்கியில் பேசுவார் என்று நினைத்தோம். அவர் வரிசையின் கடைசியில் வந்து நின்று, பக்கத்தில் நின்ற என்னிடம் ஒரு மாதச் செலவைச் சொல்லச் சொன்னார். பஸ், சாப்பாடு, பிள்ளைகளின் படங்களுக்கு நானே வாங்குகிற தாள், எல்லாம் கூட்டிப் பார்த்தால் 6,000ஐத் தாண்டிவிட்டது. "அப்ப நீங்க வேலைக்குப் போக வீட்டுல காசு வாங்குறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கே அழுகை வந்தது. அந்தக் கணக்கை அவர் அப்படியே சபையில் வாசித்தார் என்று பிறகு பத்திரிகையில் பார்த்தேன். கொடுப்பனவு 10,000 ரூபாவானது அவர் ஒருவரால்தான் என்று சொல்ல மாட்டேன், எத்தனையோ பேர் கேட்டார்கள், நாங்களும் வெயிலில் நின்றோம். ஆனால் என்னிடம் கணக்குக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

2012ல் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்குக் கேட்டு மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஞாபகம் இருக்கும். இன்னும் நாம் 2 வீதத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறோம். 2022ல் தாள் தட்டுப்பாடு வந்தபோது நான் பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் கேள்விகள் எழுதி ஒட்டினேன்.

மஸ்கெலியா பக்கம், மூன்று பிள்ளைகளின் அம்மா:

எழுதிய எல்லாருக்கும் நன்றி. டீச்சர், உங்கள் ஈரச் சேலையைப் படித்துவிட்டு என் மூத்த மகளிடம் காட்டினேன், அவளும் இப்போது டீச்சர் வேலைக்குத்தான் படிக்கிறாள்.

மத்திய மாகாண சபை 2018 ஒக்டோபரோடு முடிந்தது. அதற்குப் பிறகு மாகாண சபைத் தேர்தல் நடக்கவே இல்லை. ஆளுநரும் அதிகாரிகளும்தான் நடத்துகிறார்கள். எங்கள் பாடசாலைக்குக் கேட்ட வாங்கு மேசை இரண்டு வருடமாக வரவில்லை. போன மாதம் வலயத்தில் கேட்டேன், அதே வசனம்தான் வந்தது. முன்பு என்றால் பல்லேகலையில் எழும்பிக் கேட்க ஒருவர் இருந்தார்.

அவரை இந்த வருடம் ஹட்டன் பஸ் நிலையத்தில் கண்டேன். வயதாகிவிட்டது, கையில் மருந்துப் பை. என்னை மறந்திருப்பார் என்று நினைத்து விலகிப் போகப் பார்த்தேன். கூப்பிட்டு நிறுத்தி, "தங்கச்சி, அந்த நாலு குழாயிலயும் இப்ப தண்ணி வருதா?" என்றார். இரண்டில் வருகிறது ஐயா என்றேன். மற்ற இரண்டுக்கும் யாரிடம் எழுதிக் கொடுத்தீர்கள், திகதி என்ன, பிரதி வைத்திருக்கிறீர்களா என்று பஸ் வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். என்னிடம் பிரதி இல்லை.

2014, 2015ல் மாகாண சபையிலிருந்து தங்கள் பாடசாலைக்கு எழுத்து மூலப் பதில் கிடைத்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். எங்கள் பிரதி வெள்ளத்தில் நனைந்து போய்விட்டது. இந்த வெள்ளிக்கிழமை நானும் அதிபரும் வலயத்துக்குப் போகிறோம், இந்தத் தடவை எழுதிக் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் வருவோம்.