வெர்டனைக் காத்தது லாரியா, ரயிலா?

இளங்கோ: முதல் உலகப் போரில், 1916 பிப்ரவரி 21 அன்று ஜெர்மானியர் பிரெஞ்சு நகரமான வெர்டனைத் தாக்கியபோது, அந்நகருக்குச் சென்ற இரண்டு முழு அகல (ஸ்டாண்டர்ட் கேஜ்) ரயில்பாதைகளில் ஒன்று சான் மியேல் ஊரில் 1914 முதலே அவர்கள் பிடியில் இருந்தது, மற்றொன்று அவர்களுடைய பீரங்கிகளின் வீச்சுக்குள் இருந்தது. எஞ்சியது பார்-லெ-டுக் நகரிலிருந்து வந்த ஒரே சாலை. அதில் சராசரியாக 14 விநாடிக்கு ஒரு வண்டி இரவும் பகலும் ஓடியது. வெர்டனைக் காத்தவை லாரிகளே என்பது என் உறுதியான கருத்து.

மங்கை: இளங்கோ அவர்களே, அச்சாலையை ஒட்டியே ஓடிய மீட்டர் கேஜ் ரயிலை விட்டுவிட்டீர்கள். உணவையும் தீவனத்தையும் பெருமளவில் கொண்டுவந்து, காயம்பட்டவர்களைத் திரும்ப ஏற்றிச் சென்றது அந்தச் சிறு ரயில்தான். லாரிகளில் ஏறிய குண்டுகளும் பார்-லெ-டுக் வரை ரயிலில் வந்தவையே. லாரிகளே போதுமென்றால், அதே ஆண்டில் புதிதாக ஒரு ஸ்டாண்டர்ட் கேஜ் பாதையை ஏன் அவசரமாகப் போட்டார்கள்?

இளங்கோ: அந்தப் புதுப் பாதை வருவதற்குள் பல மாதங்கள் ஓடிவிட்டன, நகரம் விழுந்துவிடும் என்ற நிலை இருந்ததோ முதல் சில வாரங்களில். பிப்ரவரி இறுதியில் பனி உருகி, கெட்டி ரப்பர் சக்கரங்களின் கீழ் சாலை சேறாகக் குழைந்தபோதும் போக்குவரத்தை நிறுத்தவில்லை. வயது முதிர்ந்த படைவீரர்கள் ஓரத்தில் நின்று, ஓடும் லாரிகளுக்கு இடையே கல்லை வாரி வீச, அடுத்து வந்த சக்கரங்களே அதை அழுத்திச் சாலையாக்கின. பழுதான வண்டியைத் தயங்காமல் ஓரமாகத் தள்ளினார்கள்.

கதிரவன்: இருவரும் சாலை முடியும் இடத்திலேயே நின்றுவிட்டீர்கள். அங்கிருந்து பதுங்குகுழி வரை மனிதன் முதுகுதான் வண்டி. ரொட்டிகளைக் கயிற்றில் கோத்துத் தோளில் மாலையாகப் போட்டு, இடுப்பைச் சுற்றித் தண்ணீர்க் குப்பிகள் தொங்க, இருட்டில் குண்டுக்குழிகளில் விழுந்தெழுந்து போனவர்களில் பலர் போய்ச் சேரவில்லை. லாரிகள் இடைவிடாது ஓடிய அந்த ஜூன் மாதத்தில்தான் வெர்டனுக்கு அருகிலிருந்த வோ கோட்டையின் பிரெஞ்சுக் காவலர்கள் சுவரின் ஈரத்தை நக்கிப் பார்த்து, தாகம் தாங்காமல் 7ஆம் தேதி சரணடைந்தார்கள்.

மங்கை: சுமந்து சென்றவர்களைப் பற்றி நீங்கள் சொல்வதை முழு மனதுடன் ஏற்கிறேன், அவர்களைச் சேர்க்காத எந்தக் கணக்கும் குறையுடையதே. ஆனால் வோ கோட்டை முற்றுகையில் சிக்கி, உள்ளிருந்த தொட்டித் தண்ணீரும் தீர்ந்துபோன இடம். சாலைக்கும் குழிக்கும் இடையே சுமை தடைப்பட்டதற்கு அதைச் சான்றாக வைப்பது பொருந்தாது, கதிரவன்.