புதுப்பிப்பு: கிரேட்டர் நொய்டா மாநாடு முடிந்து டெல்லியில் எங்கே தங்கினோம்

மாநாடு முடிந்த பிறகு மூன்று நாள் டெல்லி சுற்ற, கிரேட்டர் நொய்டாவில் நாலெட்ஜ் பார்க் பகுதியிலேயே தங்கலாமா, டெல்லி ஊருக்குள் மாறலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "டெல்லி மெட்ரோ ப்ளூ லைன் பக்கம், கரோல் பாக்ல ரூம் போடுங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது.

அங்கிருந்து ராஜீவ் சௌக் மூன்றாவது ஸ்டேஷன். அங்கே யெல்லோ லைன் மாறினால் ஒரு பக்கம் சாந்தினி சௌக், மறுபக்கம் குதுப் மினார். தினமும் நொய்டாவிலிருந்து வந்து போயிருந்தால் பாதி நாள் ரயிலிலேயே போயிருக்கும்.

யாரும் சொல்லாத ஒன்று: கிரேட்டர் நொய்டாவிலிருந்து வரும் அக்வா லைன் மெட்ரோ நொய்டா செக்டர் 51-இல் முடிகிறது, ப்ளூ லைன் பிடிக்க வெளியே வந்து செக்டர் 52 வரை நடக்க வேண்டும். ஒரு சக்கரம் போன சூட்கேஸை இழுத்துக்கொண்டு போனது தனிக்கதை. டிக்கெட்டும் தனியாகத்தான் எடுத்தோம். பெட்டி அதிகம் இருந்தால் அந்த ஒரு நாள் டாக்சியே மேல்.

திங்கட்கிழமை செங்கோட்டை விடுமுறை. வாசல் வரை போய்த்தான் தெரிந்தது! அன்றைக்கு ஹுமாயூன் கல்லறைக்குப் போய்விட்டோம், கூட்டமே இல்லை.