கூட்டு மனநலச் சிகிச்சை சின்ன ஊர்களுக்குச் சரிப்படுமா?

மலைச்செவிலி:
மனநல மருத்துவரே எட்டிப் பார்க்காத ஊர்களுக்குக் கூட்டுச் சிகிச்சைதான் வழி என்கிறேன். ஊர் மருத்துவர் மருந்து எழுதுவார். பயிற்சி பெற்ற செவிலியர் நோயாளிகளை விடாமல் கவனிப்பார். மனநல மருத்துவர் வாரம் ஒருமுறை போனில் அந்தச் செவிலியரோடு நோயாளிகள் பட்டியலை அலசி, யார் தேறவில்லையோ அவருக்குச் சிகிச்சையை மாற்றச் சொல்வார். அமெரிக்காவில் 1,801 முதியவர்களை வைத்து நடந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஒரு வருடத்தில் இந்த முறையில் 45 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு பாதியாவது குறைந்தது. வழக்கமான சிகிச்சையில் 19 சதவீதம்தான்.

ஒற்றைமரம்:
அது வசதியுள்ள நாட்டில், 18 கிளினிக்குகளில் நடந்தது. சின்ன ஊரில் அந்தச் செவிலியர் யார்? நோயாளிக்குச் சொந்தக்காரராகவே இருப்பார். கிளினிக் வாசலில் நிற்கும் வண்டியை வைத்தே உள்ளே யார் என்று சொல்லிவிடுவார்கள். என் அண்ணன் ஒன்றரை வருடம் தூக்கமில்லாமல் கிடந்தார். "அவளிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி" என்று அங்கே போகவே இல்லை. வெளியூர் மருத்துவரோடு நேரடியாக வீடியோவில் பேச வழி செய்தால் போதும்.

தொட்டில்:
கூச்சம் உண்மைதான், ஆனால் அதைத் தாண்டியிருக்கிறார்கள். பாகிஸ்தான் கிராமங்களில், வழக்கமாக வீடு வீடாகப் போகிற சுகாதாரப் பெண்களே மனச்சோர்வுள்ள தாய்மார்களிடம் பேசினார்கள். நோய் என்று ஆரம்பிக்கவில்லை, குழந்தையின் நலத்தில் ஆரம்பித்தார்கள். 2008இல் வந்த முடிவு: ஆறு மாதத்தில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு நீடித்தது. மற்ற கிராமங்களில் 53.

ஒற்றைமரம்:
சரி, தாய்மாருக்கு ஒப்புக்கொள்கிறேன். கைக்குழந்தை இல்லாத ஐம்பது வயது ஆணின் வீட்டுக்கு எந்தச் சாக்கில் போவார்கள்? இன்னொன்று. மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வித் தாளில் கடைசிக் கேள்வி, செத்துப்போகலாம் என்று தோன்றியதா என்பது. "தினமும்" என்று ஒருவர் சொன்னால் அடுத்த வாரக் கூட்டம் வரை காத்திருப்பதா?

மலைச்செவிலி:
ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே யாரைக் கூப்பிடுவது, யார் துணைக்கு இருப்பது என்று முன்னாலேயே முடிவாகியிருக்க வேண்டும். என் நோட்டின் உள்ளட்டையில் மூன்று எண்கள் எழுதியிருக்கிறேன். ஆண்களை ரத்த அழுத்தம் பார்க்க வரும்போதே கேட்டுவிடுகிறேன், தூக்கம் எப்படி என்று. வீடியோவைப் பற்றி: முதல் தடவை பேசுவார்கள். மாத்திரை வயிற்றைப் புரட்டியதும் நிறுத்திவிடுவார்கள். மூன்றாம் வாரம் "ஏன் வரவில்லை?" என்று கேட்க உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும்.

ஒற்றைமரம்:
அப்படியானால் நேராகவே கேட்கிறேன். தடுப்பூசி, பிரசவம், இதெல்லாம் பார்க்கிற நீங்கள் அந்தப் பட்டியலை வாராவாரம் திறக்கிறீர்களா?

மலைச்செவிலி:
தடுப்பூசி போடும் வாரங்களில் திறக்க முடிவதில்லை. போன தடவை ஒருவரைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன், பதினெட்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன். இதற்கென்று தனி ஆளும் தனிச் சம்பளமும் வேண்டும். அதில் உங்கள் பக்கம்தான் நான். உங்கள் அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார்?