‘ஆற்றல் சேமிப்பு’ என்பதா, ‘ஆற்றல் சிக்கனம்’ என்பதா?

அன்புடையீர், வணக்கம்.

‘எனர்ஜி கன்சர்வேஷன்’ (energy conservation) என்னும் தொடரைக் கொண்ட பல்கலைக்கழக மையம் ஒன்றின் பெயரை ‘ஆற்றல் சேமிப்பு ஆய்வு, கல்வி மையம்’ என்று தமிழாக்கலாம் எனச் சென்ற மடலில் ஒருவர் முன்மொழிந்ததை ஏற்கத் தயங்குகிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் மாலை வகுப்பு எடுக்கும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அப்பெயரை வெண்பலகையில் எழுதிக் காட்டினேன். ஒரு மாணவி எழுந்து, “அங்கே பெரிய பேட்டரி வைத்திருப்பார்களா, ஐயா?” என்றாள். அவள் கேட்டதில் பிழையில்லை. சூரியத் தகடு பகலில் தரும் மின்சாரத்தை இரவுக்கு எடுத்து வைப்பதையும் நாம் சேமிப்பு என்றுதானே சொல்கிறோம்!

‘ஆற்றல் பாதுகாப்பு’ என்பதில் சிக்கல் இன்னும் கூடுதல். எரிபொருள் தட்டுப்பாடின்றிக் கிடைக்கச் செய்யும் அரசுக் கொள்கைக்கு அச்சொல் வழங்கத் தொடங்கிவிட்டது. அதோடு, ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது என்று இயற்பியல் சொல்லும்போது, அழியாத ஒன்றை எதிலிருந்து பாதுகாப்பது? அழிவது அதன் பயன்பாட்டுத் தகுதியே. செம்பனை எண்ணெய் ஆலையில் நாரையும் கொட்டை ஓடுகளையும் எரித்துக் கொதிகலனில் எழுப்பும் நீராவி, முதலில் சுழலியை ஓட்டி மின்சாரம் தந்து, பிறகு பழக்குலைகளை வேகவைத்து, கடைசியில் வெறும் வெக்கையாகக் காற்றில் கலக்கிறது. ஆற்றலின் அளவு குறையவில்லை; ஆனால் அந்த வெக்கையைக் கொண்டு ஒரு விளக்கைக்கூட எரிக்க முடியாது. ஆகவே இயற்பியல் விதிக்கு ‘ஆற்றல் அழியாமை’ என்பதே இருக்கட்டும்.

‘ஆற்றல் பேணல்’ எனலாமா? ‘பேணல்’ காட்டுக்கும் மண்ணுக்கும் பொருந்தும். பேணினால் தழைப்பவை அவை.

என் பரிந்துரை ‘ஆற்றல் சிக்கனம்’. மலாய் மொழியில் நாள்தோறும் காதில் விழும் ‘ஜிமாட்’டுக்கு நேரான சொல் அது. கஞ்சத்தனத்தின் வாடை வீசுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார்; கஞ்சன் தேவைக்கும் செலவிடமாட்டான், சிக்கனக்காரர் தேவைக்கு மேல் செலவிடமாட்டார்.

எஞ்சுவது ஒன்று. 2025 ஜனவரி 1 முதல் நடப்பிலிருக்கும் நம் நாட்டுச் சட்டம், ஆண்டுக்கு 21,600 கிகாஜூல், அதாவது 60 இலட்சம் யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றலையோ அதற்கு மேலோ செலவிடும் பெரும் பயனீட்டாளர்களைக் கட்டுப்படுத்துகிறது. அதன் பெயரிலேயே ‘கெசெக்காப்பான்’ (efficiency), ‘கொன்செர்வாசி’ (conservation) என்னும் இரண்டு மலாய்ச் சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆளில்லாத அறையில் விளக்கை அணைப்பது சிக்கனம். குறைந்த மின்சாரத்தில் அதே வெளிச்சம் தரும் எல்இடி விளக்கை மாட்டுவது வேறு. பின்னதைத் ‘திறன்’ என்றால், வாட்டில் அளக்கும் திறனோடு குழம்பும். ‘பயனுறுதிறன்’ சரியே, ஆனால் பெயர்ப்பலகைக்கு நீளம். அதனினும் குறுகிய சொல் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.