க்வீதம்: யாரோவா, ஒருவரா?

க்வீதம் (quidam) என்பது 'ஒருவர்' என்ற பொருள் தரும் இலத்தீன் பிரதிப்பெயர். அதற்கும், அது சேரும் indefinite pronoun என்ற பொது வகைக்கும் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதே கேள்வி.

> 'காலவரையற்ற பிரதிப்பெயர்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. உண்ணாவிரதம் காலவரையற்றதாக இருக்கலாம். பெயருக்குள் காலம் எங்கே வந்தது? பொது வகைக்கு 'வரையாப் பெயர்' போதும். (அகத்திணையில் வரைதல் என்றால் மணம் முடித்தல்; அதைப் படித்தவர்கள் 'கல்யாணமாகாத பெயரா?' என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.)

சிக்கல் உள்வகையில்தான். இலத்தீனில் அலிக்விஸ் (aliquis) என்றால் ஆள் யாரென்று சொல்பவருக்கே தெரியாது. நம் யாரோ, யாராவது. க்வீதம் என்றால் அவருக்குத் தெரியும், பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவே. "நேற்று ஒருத்தர் வந்திருந்தார்" என்று சொல்லிப் பாருங்கள், வீட்டில் உடனே "யாரு அது?" என்பார்கள். "யாரோ வந்திருந்தாங்க" என்றால் கேட்டுப் பயனில்லை என்று விட்டுவிடுவார்கள். அந்த 'ஒருத்தர்'தான் க்வீதம். ஊதாரி மகன் கதை இலத்தீன் விவிலியத்தில் 'ஹோமோ க்வீதம்' என்று தொடங்குகிறது. நம் தமிழ் விவிலியம் கிரேக்கத்திலிருந்து வந்ததுதான். ஆனாலும் அதிலும் 'ஒரு மனுஷனுக்கு' என்றே இருக்கிறது, 'யாரோ ஒரு மனுஷனுக்கு' என்று இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பொருளில் ஒருவராக இருப்பது வடிவத்தில் யாரோவைப் போல நடக்கிறது. யாரையோ, யாருக்கோ என்பதில் வேற்றுமை உள்ளே, ஓகாரம் கடைசியில். க்வீதத்திலும் 'தம்' அசையாமல் கடைசியில் நிற்க, முன்பாதிதான் திரியும்: ஆண்பால் க்வீதம், பெண்பால் க்வைதம், நான்காம் வேற்றுமையில் குயிதம். இரண்டாம் வேற்றுமையில் க்வெம் + தம் = க்வெந்தம். காலம் + தோறும் = காலந்தோறும் ஆவதைப் போல மகரம் நகரமாகிறது! இலத்தீன் இலக்கணத்தின் மூன்றாம் பாலில் (neuter) மட்டும் இரண்டு வடிவம்: தனித்து நின்றால் க்வித்தம், பெயருக்கு அடையானால் க்வொத்தம்.

> 'இன்னார்' பொருந்தாதா?

பொருந்தாது. இன்னார் என்பது பெயர் வரவேண்டிய இடத்தை நிரப்புவது. "இன்னார் மகன் இன்னார்" என்பது விண்ணப்பப் படிவம் மாதிரி. கதை சொல்லத் தொடங்கும்போது அது வராது.

நன்னூலில் அறிவினா, அறியா வினா என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதே வழியில் க்வீதத்தை 'அறி வரையாப் பெயர்' என்றும், அலிக்விஸை 'அறியா வரையாப் பெயர்' என்றும் வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. இரண்டாவது நாக்கில் இடறுகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. உரோமைப் பேச்சாளர் சிசரோ ஓர் உருவகத்தின் கூர்மையைக் குறைக்க 'க்வாசி க்வீதம்' என்பார். 'ஒருவித', 'ஒரு மாதிரியான' என்ற பொருளில். அங்கே அறிந்ததும் இல்லை, மறைத்ததும் இல்லை. அதற்கு இந்தப் பெயர் தாங்குமா?