மிக்ஸரில் எஃப்பிஜிஏ இருந்தால் சவுண்ட் நன்றாக இருக்குமா?

கேள்வி:
மேடை நிகழ்ச்சிகளுக்கு டிஜிட்டல் மிக்ஸர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே ஒலியைக் கணக்கிடும் சிப் என்று ஒன்றில் டிஎஸ்பி, இன்னொன்றில் எஃப்பிஜிஏ எனப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். காதுக்கு வித்தியாசம் தெரியுமா, இல்லை வெறும் விளம்பரமா?

பதில் 1:
சவுண்ட் தரத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஈக்யூ (பேஸ், டிரெபிளைக் கூட்டிக் குறைப்பது) கணக்கை ஒழுங்காக எழுதியிருந்தால் எந்தச் சிப்பிலும் விடை ஒன்றுதான். டிஎஸ்பி என்பது சிக்னல் கணக்குகளுக்கான பிராசசர், நிரலை வரிசையாக ஓட்டும். எஃப்பிஜிஏவில் உள்ளே இருக்கும் லாஜிக்கையே நமக்கு வேண்டிய சர்க்யூட்டாக இணைத்துவிடுகிறார்கள், அதனால் நூற்றுக்கணக்கான பெருக்கல்கள் ஒரே சமயத்தில் நடக்கும், சாம்பிள்களை (ஒலியை அடுத்தடுத்து அளந்த எண்களை) கட்டுக்கட்டாகச் சேர்த்துவைக்கத் தேவையில்லை. லாபம் தாமதத்திலும் சானல் எண்ணிக்கையிலும்தான். ஆலன் அண்ட் ஹீத் கம்பெனியின் எஃப்பிஜிஏ மிக்ஸரான டிலைவ் 96 கிலோஹெர்ட்ஸில் 0.7 மில்லிசெகண்டில் வேலையை முடிக்கிறது.

கேட்டவர்:
3 மில்லிசெகண்ட் ஆனால்தான் என்ன? ஸ்பீக்கர் ஒரு மீட்டர் தள்ளி நிற்கிற மாதிரிதானே?

பதில் 2:
ஸ்பீக்கருக்குச் சரி. இன்-இயர் (காதுக்குள் மாட்டும் மானிட்டர்) போட்டுப் பாடுபவர் கதை வேறு. அவர் குரல் மண்டையோட்டு வழியாக உடனே காதுக்குப் போய்விடும், மிக்ஸர் வழி வருவது கொஞ்சம் பிந்தி வந்து அதோடு கலக்கும், சில அதிர்வெண்கள் அடிபட்டுக் குரல் குழாய்க்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கும். ஆனால் டிஜிட்டல் வயர்லெஸ் மைக்கும் எஃபெக்ட்களுக்கான வெளி பிளகின் சர்வரும் மாட்டிவிட்டு மிக்ஸரில் அரை மில்லிசெகண்டுக்குச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை, மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள்.

பதில் 3:
விஎச்டிஎல் (எஃப்பிஜிஏ சர்க்யூட்டை விவரிக்கும் மொழி) எழுதுபவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். எஃப்பிஜிஏவில் பெரும்பாலும் ஃபிக்ஸட் பாயிண்ட் (தசமப் புள்ளி ஒரே இடத்தில் நிற்கும்) கணக்குதான். 96 கிலோஹெர்ட்ஸில் 30 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போட்டால் பிட் அகலம் போதாமல் இரைச்சல் எட்டிப்பார்க்கும். சைலிங்ஸ் 7 சீரிஸ் எஃப்பிஜிஏக்களில் ஒரு பெருக்கி 25க்கு 18 பிட்தான், அதனால் இரண்டு மூன்றைச் சேர்த்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். ஒரு சின்ன மாற்றத்துக்கும் கம்பைல் முடிய மணிக்கணக்கில் ஆகலாம், அதுதான் பெரிய எரிச்சல். அனலாக் டிவைசஸின் ஷார்க் டிஎஸ்பியில் ஃப்ளோட்டிங் பாயிண்ட் (எண்ணுக்கேற்பப் புள்ளி நகரும்) கணக்கு உண்டு, சி மொழியில் எழுதலாம், ரிவெர்ப் மாதிரி அடிக்கடி மாற்றும் விஷயங்களுக்கு அதுவே நிம்மதி.

கேட்டவர்:
அப்புறம், கரண்ட் போய் வந்தால் மிக்ஸர் எழ நேரமெடுப்பதும் இதனால்தானா?

பதில் 3:
பெரும்பாலான எஃப்பிஜிஏ பவர் போனதும் எல்லாவற்றையும் மறந்துவிடும், ஒவ்வொரு முறையும் ஃபிளாஷிலிருந்து ஏற்ற வேண்டும். அது சீக்கிரம் முடிந்துவிடும். காத்திருக்க வைப்பது பெரும்பாலும் திரையை ஓட்டும் ஓஎஸ். ஆடியோ பாதையைத் தனியாக வைத்திருக்கும் மிக்ஸர்களில் திரை உறைந்து ரீஸ்டார்ட் ஆனாலும் சவுண்ட் நிற்காது, வாங்கும்முன் அதைக் கேளுங்கள்.